நாடு கடத்தப்பட்ட அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பே அதன் பிறகு எப்படி வாழ்ந்தார்?

இன்றைய கானாவில் இருந்த அசாந்தி அரசின் மன்னர் பிரெம்பே. 1896 ஜனவரியில் ஆங்கிலேயப் படை தலைநகர் குமாசிக்குள் நுழைந்தபோது அவர் போரிடவில்லை. அப்படியிருந்தும் அவரையும் தாயார் யா அச்சியாவையும் கைது செய்தார்கள். அவர்களை வைத்திருந்த இடங்கள்: கானா கடற்கரையின் எல்மினா கோட்டை, சியரா லியோன், அப்புறம் 1900இல் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவு.

கோழைத்தனம் என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்பில்லை. மக்கள் அழியக் கூடாது என்றே அவர் பணிந்தார்.

செஷல்ஸில் ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றார், கிறிஸ்தவரானார். அசாந்தி அரச வம்சத்தின் வரலாற்றை 1907இல் எழுத வைத்தார். என்னைப் பொறுத்தவரை அவர் செய்த பெரிய வேலை அதுதான். தாயார் அங்கேயே இறந்தார். ஆங்கிலேயருக்கு எதிராக 1900இல் அசாந்தி மக்களின் போரை நடத்திய அரசி யா அசந்தேவாவும் அதே தீவில்தான் 1921இல் காலமானார்.

1924இல் பிரெம்பேயை ஊர் திரும்ப விட்டார்கள், ஆனால் சாதாரணக் குடிமகனாக. 1926இல் குமாசிக்கு மட்டும் தலைவராக ஏற்றார்கள். மக்களுக்கோ அவர் எப்போதும் அசாந்தி மன்னர்தான். 1931இல் இறந்தார்.