மாடிஃபை செய்த பழைய மஹிந்திரா தார் ஜீப்பை விற்றால், அதில் போட்ட காசில் எவ்வளவு திரும்ப வரும்?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது 2014 மாடல் தார், சி.ஆர்.டி.இ. என்கிற டீசல் வகை. 33 இன்ச் மட் டயர், லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் கிட்), வின்ச் (மாட்டிய வண்டியை இழுக்கும் கேபிள் மோட்டார்), இரும்பு பம்பர், ஸ்நார்கெல் (தண்ணீருக்கு மேலிருந்து இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் குழாய்), ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காப்பாற்றும் இரும்புக் கூண்டு) என்று கிட்டத்தட்ட வண்டி விலைக்கே செலவு செய்திருக்கிறார். இப்போது வீட்டுக்கு வேறு வண்டி வேண்டும். அப்படியே மொத்தமாக விற்பதா, கழற்றி விற்பதா, என்ன விலை சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

கழற்றி விற்றுவிடுங்கள். வண்டி தனி, சாமான் தனி. நான் என்னுடையதை விற்றதும் இப்படித்தான், கோவையில் நண்பர்கள் விற்கும்போது கூட நின்று பார்த்ததிலும் இதுதான் நடந்தது. மொத்தமாக விற்றவர்களுக்கு மாதக்கணக்கில் போன் வந்துகொண்டே இருக்கும், 'ப்ரோ லாஸ்ட் பிரைஸ் என்ன' என்பதைத் தாண்டி ஒன்றும் நகராது.

காரணம் ரொம்ப சிம்பிள். வண்டி வாங்குகிறவர் வேறு ஆள், வின்ச் வாங்குகிறவர் வேறு ஆள். ஆஃப்-ரோடு பைத்தியம் பிடித்தவன் (என்னையும் சேர்த்துத்தான்) தன் வண்டியைத் தானே கட்ட வேண்டும் என்று நினைப்பான், நீங்கள் கட்டியதில் அவனுக்குப் பத்து குறை தெரியும், எந்த டயர் போட்டிருக்க வேண்டும் என்று உங்களுக்கே பாடம் எடுப்பான். மற்றவர்கள், அதாவது வார இறுதியில் ஊட்டி போக ஒரு ஜீப் வேண்டும் என்று வருகிறவர்கள், இந்த உயரத்தைப் பார்த்ததுமே தயங்குவார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்க வந்தார்கள் என்றால் வியாபாரம் அங்கேயே முடிந்தது, அந்த அம்மாவால் படியில் கால் வைக்க முடியாது. லோன் போட்டு வாங்குகிறவர் என்றால் இன்னொரு சிக்கல்: பேங்க் மதிப்பீடு செய்கிறவர் மாடலையும் வருடத்தையும் வண்டியின் நிலையையும் பார்த்து ஒரு தொகை எழுதுவார். உங்கள் வின்ச்சுக்கும் லிஃப்ட்டுக்கும் அதில் இடமே கிடையாது, அதைக் கையிலிருந்து பணமாகத்தான் தர வேண்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பழைய தார் 2010-ல் வந்தது, 2020-ல் புதிய தலைமுறை வந்ததோடு நின்றுவிட்டது. அந்தப் பத்து வருடத்தில் விற்றதில் பெரும்பாலானவற்றை வாங்கியவர்கள் சும்மா விடவில்லை, எதையாவது வெட்டி, எதையாவது ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்குக் கம்பெனியில் வந்த மாதிரியே இருக்கும் ஒரு சி.ஆர்.டி.இ. தான் அபூர்வம். உங்கள் வண்டியைப் பழைய நிலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு விலை நிற்கும்.

ஒரிஜினல் டயர், பம்பர், ஷாக் எல்லாம் எங்கேயாவது கிடக்கிறதா என்று முதலில் மாடியில், பட்டறையில் தேடுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தார் வாங்கிய கையோடு கம்பெனி டயரைக் கழற்றி விற்றவர்கள் நிறைய, ஒரு செட் சல்லிசாகக் கிடைக்கும். பம்பர் மாதிரி சாமான்களுக்குச் சென்னையில் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் போதும். ஸ்நார்கெலுக்காக ஓட்டை போட்ட ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகடு) பேட்ச் அடிக்காதீர்கள், ஃபெண்டரையே மாற்றுங்கள். பேட்ச் அடித்த இடத்தைப் பார்த்தால் ஆக்சிடென்ட் வண்டி என்றுதான் நினைப்பார்கள்.

கழற்றிய சாமானில் எதற்குக் காசு வரும்? போல்ட்டைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட முடிகிற எதற்கும் வரும். வின்ச், லாக்கர் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் இரண்டையும் சேர்த்துப் பூட்டுவது), நல்ல பிராண்ட் ஷாக், கம்ப்ரஸர், வீல். 2015 மாடலுக்கு முந்தைய தாரில் கம்பெனி லாக்கர் கிடையாது, அதனால் நீங்கள் போட்டிருந்தால் அதை வண்டியோடு இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். டயருக்குப் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) உயரம் மட்டும் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம், பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும், 2321 என்றால் 2021-ம் வருடத்தின் 23-வது வாரம் தயாரானது. வருகிறவன் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான். பாதி விலை கிடைத்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுங்கள். லேபர், பெயிண்ட், வயரிங், லேத்தில் கடைந்த பிராக்கெட், பட்டறையில் மடக்கிய பம்பர், இதற்கெல்லாம் ஒரு ரூபாய் கிடையாது. வலிக்கும், ஆனால் அது அனுபவித்த செலவு.

சரி, கழற்றவே முடியாத வேலை செய்திருந்தால்? சி.ஆர்.டி.இ.-யில் முன்பக்கம் டார்ஷன் பார் வைத்த இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதை அறுத்து எறிந்துவிட்டு சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே தண்டு) போட்டு, ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே தூக்கி வெல்டிங் வைத்திருந்தால் இனி திரும்ப வழியில்லை. அந்த வண்டியைச் சாதாரண ஆளுக்கு விற்கவே விற்காதீர்கள். கிளப் ஆட்களிடமும் எஸ்டேட் வைத்திருப்பவர்களிடமும்தான் போக வேண்டும். வால்பாறை, இடுக்கி, குடகு பக்கம் காபி, தேயிலை, ஏலத் தோட்டத்துக்குள்ளேயே ஓட்ட ஒரு வண்டி தேடுவார்கள், அவர்களுக்கு அழகு முக்கியமில்லை, ஏறினால் போதும். அந்த வெல்டிங் யார் செய்தது, எந்தப் பட்டறை, கியர் ரேஷியோ மாற்றியதா என்று பில்லோடு காட்டினால் விலை நிற்கும். மழைக்கு முன்னால், மார்ச் முதல் மே வரை விற்கப் பாருங்கள். கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டிகள் மழைக்காலத்தில்தான், அதற்கு முன்னால்தான் இந்தக் கூட்டத்தின் கை அரிக்கும்.

அப்புறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.-யில் இருக்கும் விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். வண்டியின் முன்பக்கம் இரும்பு கார்டு (புல் பார்) மாட்டுவதை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. உங்கள் வண்டிக்கு 2029-ல் 15 வருடம் முடிகிறது, அப்போது ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். வாங்குகிறவனுக்கு இதெல்லாம் தெரியும், தெரியாவிட்டால் அவனுடைய மெக்கானிக் சொல்லிக்கொடுப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் கிளெய்மையும் நிராகரிக்கலாம். கழற்றி விற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிலோமீட்டர் விஷயத்தில் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். உங்கள் ஒரிஜினல் டயர் 235/70 ஆர்16, அதன் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர். 33 இன்ச் என்றால் 838. சக்கரம் ஒரு சுற்றுக்கு 14 சதவீதம் கூடுதலாக ஓடுகிறது, மீட்டருக்கு அது தெரியாது. மீட்டரில் 60 காட்டும்போது நிஜத்தில் 68-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். அந்த டயரில் 30,000 ஓடியதாகக் காட்டினால் உண்மையில் 34,000-க்கும் மேல். புது டயருக்கு ஏற்ப மீட்டரைத் திருத்தி கேலிப்ரேட் செய்திருந்தால் அதைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கணக்கை நீங்களே போட்டுக் காட்டுங்கள். வருகிறவர்களில் கணக்குத் தெரிந்தவன் ஒருவன் கட்டாயம் இருப்பான், அவனாகக் கண்டுபிடித்தால் நீங்கள் சொல்லும் மற்ற எதையும் நம்ப மாட்டான்.

வண்டியைக் காட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது டிஃப்ரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) ஆயில். நல்ல மெக்கானிக் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பார். ஆயில் பால் காபி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், அப்புறம் பேரம் அவர் கையில். முன் டிஃப்ரன்ஷியல், பின் டிஃப்ரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) மூன்றிலும் ஆயிலை மாற்றிவிட்டு, கசிகிற சீலையும் மாற்றிவிடுங்கள். அண்டர்பாடி கோட்டிங் அடித்திருந்தால் சேசிஸ் நம்பர் அதற்கடியில் மறைந்து போயிருக்கும், தின்னர் தொட்டுத் துடைத்து, பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எல்லா எழுத்தும் விழுகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றும்போது அந்தப் பென்சில் பிரிண்ட்டைக் கேட்பார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் தெரிந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

விளம்பரத்தில் ஆற்றில் பாதி முங்கி நிற்கும் போட்டோவைப் போடாதீர்கள். போட்டுவிட்டுக் கீழே 'ஹார்ட் யூஸ் இல்லை' என்று எழுதினால் சிரிப்பார்கள், உங்கள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸையும் தேடிப் பிடிப்பார்கள். அடிப்பக்கத்தை நான்கு கோணத்தில் எடுத்துப் போடுங்கள், அது இருந்தாலே சும்மா வருகிற போன் பாதி குறையும். ரைடு போகவென்றே வருகிற பசங்கள் இருக்கிறார்கள், முதலில் நீங்கள் ஓட்டி அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். டோக்கன் அட்வான்ஸ் வாங்காமல் சேற்றுப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்.

பேப்பர் வேலையில் மட்டும் சோம்பல் கூடாது. விற்றதை ஆர்.டி.ஓ.-வுக்குத் தெரிவிக்கும் ஃபார்ம் 29, பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 30, லோன் முடித்திருந்தால் ஃபார்ம் 35, வேறு மாநிலத்துக்குப் போகிறதென்றால் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். நம் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். 'நான் பார்த்துக்கிறேன் ப்ரோ' என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் பெயர் மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் இந்த வகை வண்டியில்தான் அதிகம், ஏனென்றால் இந்தக் கோலத்தில் ஆர்.டி.ஓ. பக்கம் போக அவர்களுக்கே பயம். பல கை மாறிவிட்ட ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதனால் பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பது வாங்குகிறவருக்கு வசதி என்றால், பெயர் மாறும் வரை வண்டி உங்கள் வீட்டில் நிற்பது உங்களுக்கு வசதி. நான் இரண்டாவதைத்தான் கேட்பேன். சாவியைக் கொடுக்கிற அன்றைக்கே ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வாளையார் டோலுக்கு உங்கள் கணக்கில் காசு போய்க்கொண்டிருக்கும்.