பதில்: பென்சில்வேனியாவில் (அமெரிக்க மாநிலம்) புல்லோரத்தில் ஒரு காட்டு வான்கோழிக் கூடு, 7 முட்டை, தாயைக் காணோம், கைவிட்டுவிட்டதா?

பெரும்பாலும் கைவிடவில்லை, இன்னும் முட்டையிட்டு முடிக்கவில்லை. முட்டைகளை எடுக்காதீர்கள், இன்குபேட்டரும் (முட்டை பொரிக்கும் கருவி) வேண்டாம்.

காட்டு வான்கோழி ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாக 10 முதல் 12 முட்டை இடும். நடுவில் ஓரிரு நாள் விடுபடுவதும் உண்டு. கடைசி முட்டை வரும்வரை அது நிலையாக அடையில் உட்காராது. வந்து இட்டுவிட்டு, சருகால் மூடிவிட்டு மேயப் போய்விடும். நீங்கள் சொன்ன "மேலே காய்ந்த இலை கிடந்தது", "தொட்டால் சில்லென்று இருந்தது" இரண்டுமே இதோடு பொருந்துகின்றன. அடை தொடங்காதவரை உள்ளே கரு வளராது, அதனால் குளிர்ச்சியால் கெடுதல் இல்லை.

சரிபார்க்க: இரண்டு மூன்று நாள் கழித்து, பைனாகுலர் வைத்துத் தூரத்திலிருந்தே பாருங்கள். முட்டை கூடியிருந்தாலோ, சருகு கலைந்து மாறியிருந்தாலோ தாய் வந்துபோகிறது. அடை தொடங்கிவிட்டால் சுமார் 28 நாள். அப்போதும் தினம் கொஞ்ச நேரம் இரைக்காக எழுந்து போகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அடையின் முதல் நாட்களில் தாயை விரட்டிவிட்டால் உண்மையிலேயே கூட்டை விட்டுவிடலாம். புல்லை மிதித்துப் பாதை போட்டால் முட்டை தின்னும் ரக்கூன் என்ற சிறு விலங்குக்கும் காக்கைக்கும் நாமே வழிகாட்டியது போல. நாயைக் கட்டி வையுங்கள், கூடு இருக்கும் ஓரத்தில் புல்வெட்டும் இயந்திரம் வேண்டாம். பென்சில்வேனியாவில் காட்டுப் பறவை முட்டையை எடுத்து வைத்துக்கொள்வது சட்டவிரோதமும்கூட.

பின்னர் ஓடு மட்டும் கிடந்தால்: அகன்ற முனை மூடிபோல் வட்டமாகத் திறந்திருந்தால் குஞ்சு பொரித்திருக்கிறது. நொறுங்கிக் கிடந்தால் ஏதோ தின்றிருக்கிறது.