திருப்பத்தூர் கற்கோடரி பெல்லாரிக் கல்லா?

திருப்பத்தூரில் கிடைத்த கற்கோடரியைக் கையடக்க எக்ஸ்ரே கருவியில் அளந்தபோது இரும்பும் கால்சியமும் பெல்லாரிக் கல்லோடு ஒத்துவந்தன, அப்படியானால் கல்லும் உழவும் அங்கிருந்துதான் வந்தனவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அதை மட்டும் வைத்து அது பெல்லாரிக் கல் என்று சொல்ல முடியாது. கோடரி செய்த டோலரைட் என்ற கரும்பாறையை எந்த ஊரில் எடுத்தாலும் அவை இரண்டும் நிறைய இருக்கும்.

கால்சியம் உங்களுக்கு எகிறியதற்குக் காரணம் அநேகமாக மேலே ஒட்டிய சுண்ணாம்புப் படிவு. எக்ஸ்ரே கருவி கல்லின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. மண்ணில் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்த தோல் அது.

கோடரியில் பழைய உடைசல் இருந்தால் தண்ணீரில் மட்டும் கழுவி, அங்கே நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். சிர்கோனியம், நியோபியம், யிட்ரியம், டைட்டானியம் இவற்றின் விகிதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே கருவியில் உள்ளூர் கரும்பாறைப் பட்டைகளின் துண்டுகளையும் அளக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெல்லாரி அருகே சங்கனகல்லுவில் கோடரி செய்த பட்டறையே இருந்தது உண்மைதான். ஆனால் திருப்பத்தூர் இருந்த பழைய வடாற்காட்டிலும் டோலரைட் ஏராளம். பக்கத்துக் கல்லை விலக்காமல் தூரத்துக் கல்லுக்குப் போகக்கூடாது.

மேற்கு ஆசியாவில் அப்சிடியனை வைத்துத் தடம் பிடித்தது எளிதாக நடந்தது, ஏனென்றால் எரிமலைக் கண்ணாடி ஓர் ஊற்றில் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். டோலரைட் அப்படியில்லை, குருணை பெரிது, ஒரே பட்டைக்குள்ளும் மாறும்.

சரி, பெல்லாரிக் கல்லோடு பொருந்தியே விட்டாலும் வந்தது கல் மட்டும்தான் என்று இருக்கலாம், பண்டமாற்றில் கைமாறியிருக்கலாம். உழவு பரவியதைச் சொல்ல, திருப்பத்தூர்ப் பக்கத்துப் புதிய கற்கால ஊரான பையம்பள்ளியில் கிடைத்த கொள்ளு, பச்சைப்பயறு போன்ற கருகிய தானியமும் சேர்ந்து பேச வேண்டும்.

கோடரியை அறுக்காதீர்கள். மரத்தடிக் கோயிலில் சாமியாக வைத்திருந்தது என்றால், ஊர்க்காரர்களைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.