அந்த வரியைச் சொன்னவர் யார்?

கேள்வி: மார்க் டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ என்ற திகில் நாவலிலிருந்து சிறு மேற்கோள்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. வரிகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பற்றி நான்கு வாக்கியம்கூட எழுத வரவில்லை. எழுநூறு பக்கங்களையும் படித்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: படித்தால் நல்லதுதான். ஆனால் உங்கள் சிக்கல் பக்கக் கணக்கில் இல்லை. வரிகளை அழகை மட்டும் பார்த்துப் பொறுக்கியதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த நாவலில் ஒரு வரிக்குப் பொருள் காண்பதற்கு முன், அதை யார் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும். வெளியளவைவிட உள்ளளவு கால் அங்குலம் கூடுதலாக இருக்கும் தம் வீட்டைப் பற்றி நேவிட்சன் என்பவர் எடுத்த ஆவணப்படம், அந்தப் படத்தைப் பற்றிச் சம்பானோ என்ற முதியவர் எழுதிய ஆய்வு, அவர் இறந்தபின் அந்தத் தாள்களைத் தொகுத்து ஜானி ட்ரூவன்ட் என்ற இளைஞர் எழுதும் அடிக்குறிப்புகள், அவற்றுக்கும் மேலே பெயர் சொல்லாத பதிப்பாசிரியர்களின் குறிப்புகள் என்று நூல் அடுக்கடுக்காகச் செல்கிறது. அப்படியொரு படமே இல்லை என்கிறார் ஜானி; அதை அலசி ஆராய்ந்த சம்பானோவோ பார்வையற்றவர்!

ஜானியையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஓரிடத்தில் சம்பானோ ‘ஹீட்டர்’ என்று மட்டுமே எழுதியிருந்ததாகவும், தன் வீட்டில் வெந்நீர் வராமல் போனதால் ‘வாட்டர்’ என்ற சொல்லைத் தானே சேர்த்துவிட்டதாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த ஒரு சொல்லை மேற்கோளாக எடுத்துக்கொண்டாலே நீங்கள் இரண்டு பக்கம் எழுதலாம். ஏனெனில், அதன் பிறகு சம்பானோவின் பெயரில் வரும் எந்த வாக்கியத்தையும் முழுக்க அவருடையதாகக் கொள்ள முடிவதில்லை.

ஆகவே ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் சொல்பவரின் பெயரையும், அது மூலப்பகுதியில் வருகிறதா அடிக்குறிப்பில் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சம்பானோவுக்கும் ஜானிக்கும் வேறு வேறு அச்செழுத்து கொடுத்திருப்பதால் இது கடினமன்று. தட்டச்சு செய்து எடுத்த மேற்கோள் பட்டியல்களில் அந்த வேறுபாடு மறைந்துவிடும் என்பதால், நூலின் பக்கத்தையே பாருங்கள். திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங், பிரெஞ்சு மெய்யியலாளர் டெரிடா போன்ற உண்மையான மனிதர்கள் நேர்காணலில் பேசுவதாக வரும் வரிகளில் கூடுதல் கவனம் வேண்டும்: அந்த நேர்காணல்கள் கற்பனை, அவர்களுடைய கருத்தாக அவற்றைக் காட்டினால் கட்டுரை அங்கேயே சரிந்துவிடும்.

முகப்பில் தனிப்பக்கத்தில் நிற்கும் ‘இது உனக்கானதல்ல’ என்ற வரியிலிருந்து தொடங்குங்கள். அது எவருடைய அச்செழுத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, முதல் பத்தியை எழுதுங்கள்.