ஆங்கிலம் கற்கச் செயலிகளும் இணைய வகுப்புகளும் உதவுமா? ஆசிரியர்களும் மாணவர்களும் என்ன நினைக்கிறார்கள்?

ஆறு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பாதி வகுப்பறையில், பாதி இணையத்தில். இன்னொரு பக்கம் செயலி வழியாக ஸ்பானிஷ் படிக்கும் மக்கு மாணவனும் நான்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

செயலி ஏன் பிடிக்கிறது என்று மாணவர்களிடம் கேட்டால் அடிக்கடி வரும் பதில்: "தப்பா சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க சார்." ஆசிரியர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பில் எழுந்து பாதி வாக்கியத்தில் திணறி உட்கார்ந்தவன் மறுபடி எழுந்திருக்க மாதக்கணக்கில் ஆகும். செயலியிடம் அதே வாக்கியத்தைப் பதினைந்து தடவை தப்பாகச் சொல்லலாம். அதற்கு அலுப்பும் வராது, புருவமும் உயராது.

எங்கள் புகார் வேறு. என்னிடம் ஒரு மாணவி சேர்ந்தார். செயலி ஒன்றில் 200 நாளுக்கு மேல் ஒருநாள்கூட விடாமல் படித்தவர். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "யெஸ்டர்டே ஐ கோ..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டார். அதே கேள்விக்கு நான்கு விடைகளை எழுதிக் காட்டினேன். சட்டென்று 'வென்ட்' மேல் விரலை வைத்தார்! பார்த்தால் தெரிகிறது, பேசும்போது வாய்க்கு வரவில்லை. செயலிகளின் பயிற்சிகளில் பெரும்பகுதி பார்த்துக் கண்டுபிடிப்பதுதான். இயந்திரத்தால் சுலபமாக மதிப்பெண் போட முடிவது அதற்குத்தானே.

உச்சரிப்புச் சோதனையையும் முழுசாக நம்பாதீர்கள். என்ன வாக்கியம் வரப்போகிறது என்று செயலிக்கு முன்பே தெரியும். 'ஷிப்' என்பதை 'ஷீப்' என்று இழுத்தாலும் சில நேரம் "சரி" என்று விட்டுவிடும். எதிரில் ஆள் இருந்தால் கப்பலா, ஆடா என்று முழிப்பார். அந்த முழியைப் பார்த்துத்தான் நாம் திருத்திக்கொள்வோம்.

சொற்களை மனதில் நிறுத்துவதில் மட்டும் செயலியிடம் நான் தோற்றுப்போவேன். படித்தது ஆரம்பத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார். ஆங்கி (Anki) மாதிரி, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளுமாக அட்டைகளைக் காட்டும் செயலிகள், ஒரு சொல் மறக்கப்போகிற நேரம் பார்த்து அதைத் திரும்ப நீட்டுகின்றன. முப்பது பேரில் யார் எதை எப்போது மறப்பார் என்று நான் எங்கே கணக்கு வைப்பது?

நேரலை வகுப்புகளில் கேமராவை அணைத்தவர்களிடம் பேசுவது கிணற்றுக்குள் பேசுகிற மாதிரிதான். ஆனால் வகுப்பில் வாயே திறக்காத சிலர் சாட்டில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நான் செயலியை விடச் சொல்வதில்லை. பாடம் முடிந்ததும் திரையைப் பார்க்காமல் ஒரு நிமிடம் பேசி, குரல் பதிவாக அனுப்பச் சொல்கிறேன். அந்த மாணவியின் முதல் பதிவு இருபது நொடிகூட இல்லை, அதிலும் பாதி "ம்ம்..." தான். இரண்டாவது வாரப் பதிவிலும் 'கோ' வந்தது. ஆனால் அடுத்த நொடியே தானாக நிறுத்தி, "நோ நோ, வென்ட்" என்றார்.