கேனன் 1300டி கமராவுக்குப் பழைய வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாமா?

குளமும் வயலும் அகலமாக விழ வேண்டும், கையில் காசு குறைவு, பழைய 28 மி.மீ. லென்ஸ் ஒன்று போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, தம்பி. வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அகலத்துக்காக வாங்க வேண்டாம் என்கிறேன்.

நான் இதைக் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் கற்றுக்கொண்டேன். ஜெர்மனியிலிருந்து வந்த சித்தப்பா, அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கிய பென்டகன் 29 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்து தந்தார். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்துச் சாமான். வன்னியில் அப்படியொன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். கமரா வைத்திருந்த ஒரு சில வீடுகளிலும் இடம்பெயர்வோடு அவை போய்விட்டன. மாரியில் குளம் நிரம்பி, மேலதிக தண்ணீர் வெளியேறும் வான் கதவுகள் திறந்த அன்று அதைப் பூட்டிக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினேன். இரண்டு கதவுகளுக்கு மேல் படத்துக்குள் வரவில்லை. பின்னுக்குப் போகலாம் என்றால் நெருக்கியடித்துக்கொண்டு சனம். கடைசியில், கமராவோடு வந்த அந்த 18-55 மி.மீ. பிளாஸ்டிக் சூம் லென்ஸை மாட்டி 18இல் வைத்தேன். கதவுகள் வரிசையாக வந்து விழுந்தன.

காரணம் சென்சர், அதாவது பிலிமுக்குப் பதிலாகப் படம் விழும் தகடு. உங்கள் கமராவின் சென்சர் 35 மி.மீ. பிலிமைவிடச் சிறியது, அதனால் லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை, அதாவது குவியத்தூரத்தை, 1.6ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். எண் சிறிதானால்தான் அகலம் கூடும். 28 மி.மீ. உங்களுக்குப் பிலிம் கமராவின் 45 போலத் தெரியும், 24 மி.மீ. 38 போல. உங்கள் கமராவோடும் வந்திருக்கும் 18-55இன் 18 மி.மீ. 29 போல. ஆக, அந்தக் காலத்து 28 தந்த அகலம் ஏற்கெனவே உங்கள் பையில் கிடக்கிறது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் காசைச் சேர்த்துப் பாவித்த கேனன் 10-18 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். அதுவரை கமராவை நெட்டாகப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பித் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று வரும்படி நாலைந்து படம் எடுத்துக் கணினியில் ஒரே படமாக ஒட்டுங்கள். வயல்வெளிக்கு அது போதும்.

பிறகு ஏன் அந்த 29 இன்னும் என்னிடம் இருக்கிறது? முல்லைத்தீவில் கரைவலை இழுப்பவர்களைப் படமெடுக்கத்தான். துவார அளவு எஃப் 8, போகஸ் ஐந்து மீற்றர். ஏறக்குறைய இரண்டரை மீற்றருக்கு அப்பால் அடிவானம் வரை எல்லாம் போதிய தெளிவு. கண்ணை வைத்துத் தேட வேண்டியதில்லை. கயிறு இறுகும் கணத்தில் அமுக்கினால் சரி. எந்தத் தூரத்திலிருந்து எந்தத் தூரம் வரை தெளிவு என்று காட்ட லென்ஸில் பொறித்திருக்கும் கோடுகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள், அவை பிலிமுக்குப் போட்டவை. எஃப் 8இல் எடுத்தால் 5.6இன் கோடுகளைப் பாருங்கள். எதிர்வெயிலில் படம் வெளிறும்; நான் இடது கையால் மறைத்துக்கொள்வேன்.

உங்கள் கமராவுக்கு எம்42 என்ற, திருகிப் பூட்டும் மரை லென்ஸும் பழைய நிக்கன் லென்ஸும், இடையில் பூட்டும் மெல்லிய வளைய அடப்டரோடு பொருந்தும். கேனன் எஃப்டி, மினோல்டா எம்டி வகைப் பழைய லென்ஸுகள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அவை சென்சருக்கு இன்னும் கிட்ட இருக்க வேண்டியவை. உள்ளே கண்ணாடி வில்லை இல்லாத அடப்டரில் தூரத்துப் பனை தெளியவே தெளியாது. வில்லை வைத்த மலிவு அடப்டர் படத்தைக் கெடுக்கும்.

கையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து தொலைபேசி வெளிச்சத்தை அடித்து, முன்பக்கம் சற்றுச் சரித்துப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளைவிட்ட நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துவாரத்தைத் திறந்து மூடும் இதழ்களில் தேங்காயெண்ணெய் தடவியது போன்ற மினுக்கம் இருந்தாலும் அப்படித்தான், இதழ்கள் ஒட்டிக்கொண்டு மெதுவாக மூடும்.

வாங்கிய பிறகு அதன் தோல் உறையை எறிந்துவிடுங்கள். அழகாக இருக்கிறதென்று நான் ஒரு கார்த்திகை மழை முழுவதும் அலுமாரிக்குள் உறையோடு வைத்திருந்த இன்னொரு லென்ஸை, தைப் பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்தில் அந்த நூல் ஓடியிருந்தது. இப்போது இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், ஈரத்தை உறிஞ்சும் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலமும்தான்.