பிள்ளைக்கு எம்.எஸ்.: பெரியவர் காப்ஸ்யூலைப் பாதியாக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, எடை 34 கிலோ. மல்டிபிள் ஸ்களிரோசிஸ் (எம்.எஸ்., உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று உறுதியாகிவிட்டது. அந்தத் தாக்குதலைக் குறைக்க நரம்பியல் மருத்துவர் ஃபிங்கோலிமோட் காப்ஸ்யூல் 0.25 மி.கி. தினமும் ஒன்று என்று எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் மெடிக்கலில் 0.5 மி.கி.தான் இருக்கிறது. "ஒருநாள் விட்டு ஒருநாள் குடுங்க, கணக்கு சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். காப்ஸ்யூலைப் பிரித்துப் பாதிப் பொடியைக் கொடுக்கலாம் என்கிறார் என் கொழுந்தனார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட்டும் பேசுகிறார். எதைச் செய்வது? (ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மூன்றும் வேண்டாம் அம்மா. முதல் காப்ஸ்யூலை இன்னும் கொடுக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. அதை வீட்டில் கொடுக்கவும் கூடாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே உங்கள் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

இந்த மருந்தில் டோஸை முடிவு செய்வது வயது அல்ல, எடை. 10 வயது நிரம்பிய பிள்ளை 40 கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தால் 0.25, 40-ஐத் தாண்டினால் பெரியவர்களுக்கான அதே 0.5. பெரியவர் ரத்தத்தில் எவ்வளவு மருந்து நிற்கிறதோ, அதே அளவு பிள்ளையின் ரத்தத்திலும் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த கோடு அது. 215 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், இதே நோய்க்கான பழைய மருந்தான இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களைவிட இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு நோய்த் தாக்குதல் 82 சதவீதம் குறைவாக இருந்தது. அதை வைத்துத்தான் 2018-இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் உங்கள் மகளைப் போல 40 கிலோவுக்குக் கீழே இருந்தவர்கள் மிகச் சிலர். அதனால்தான் இந்தப் பிள்ளைகளிடம் கைக்கணக்கு வேண்டாம் என்கிறேன்.

பொடி விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். காப்ஸ்யூலுக்குள் இருப்பதில் மருந்து அரை மில்லிகிராம்தான், மற்றதெல்லாம் நிரப்புப்பொடி. அதை ஸ்பூனால் பாதியாக்கினால் எந்தப் பாதியில் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது.

கடைக்காரர் சொன்னதுதான் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அது முழு உளறல் இல்லை. இந்த மருந்து உடலில் பல நாள் தங்கும். பாதியளவு வெளியேறவே ஆறிலிருந்து ஒன்பது நாள் ஆகும். ரத்த வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கிப்போன சில பெரியவர்களுக்கு மருத்துவர்கள் வேண்டுமென்றே ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதுண்டு. அவர்கள் யாரென்று பாருங்கள்: மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டுப் பழகியவர்கள், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்பவர்கள், மருத்துவரே யோசித்துக் குறைத்தவர்கள். கடையில் சரக்கு இல்லை என்பதற்காகக் குறைத்தவர்கள் அல்ல. உங்கள் மகளோ இப்போதுதான் ஆரம்பிக்கப்போகிறாள். முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் விட்டாலும் மறுபடி முதல் டோஸ் கண்காணிப்பு (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) வேண்டும் என்பது விதி. அப்படியானால் கடைக்காரர் சொல்லும் முறையில் ஒவ்வொரு டோஸுமே முதல் டோஸ்தான்! பெரியவர்களுக்குச் செய்வதை அவர் எங்கேயோ கேட்டிருப்பார். தப்பு அவருடையது மட்டுமல்ல. மருந்துச் சீட்டை எழுதுகிற நாங்கள், அந்த அளவு எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுவதில்லை. அமெரிக்காவில் 0.25-இல் வாயில் கரையும் மாத்திரைக்கே 2021-இல் அனுமதி வந்துவிட்டது. இங்கே ஒரு தாய் காப்ஸ்யூலுக்காகக் கடைகடையாக ஏறி இறங்குகிறார்.

முதல் டோஸ் கண்காணிப்பு என்றால் என்ன? இந்த மருந்து முதல் தடவை உள்ளே போகும்போது இதயத் துடிப்பு குறையலாம். அதனால் மருத்துவமனையில் வைத்துக் கொடுத்து, ஆறு மணி நேரம் உட்கார வைத்து, மணிக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். முன்னாலும் பின்னாலும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கும் முன்பாக, சின்னம்மை எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். அரசு இலவசத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை ஊசி இல்லாததால் பல பிள்ளைகளுக்கு அது போட்டிருக்கவே மாட்டார்கள். எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் ஊசி போட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் மருந்தை ஆரம்பிக்க வேண்டும்.

இனி ஏஜென்ட். இந்தப் பேர்வழிகளை எனக்கு நன்றாகத் தெரியும். இன்று காப்ஸ்யூல், அடுத்த மாதம் "ஸ்டெம் செல் ஊசி, ஒரே தடவை, முழு குணம்" என்று லட்சங்களில் பேரம். பில் இல்லாமல், பேட்ச் எண் அழிந்த பட்டையில் வரும் மருந்தை வாங்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மருந்து வரவழைக்கச் சட்டப்படியே வழி இருக்கிறது. மருத்துவரின் சீட்டுடன் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்தால் 12பி என்று அனுமதி தருவார்கள். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை. பொறுமை மட்டும் நிறையத் தேவை. நோய் காத்திருக்குமா என்று அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே முதல் வேலையாக மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். "0.25 கிடைக்கவில்லை, என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பெரிய மருத்துவமனையின் மருந்தகம் வழியாக வரவழைக்க முடியலாம். முடியாவிட்டால் அவர் வேறு மருந்துக்கு மாற்றலாம். உதாரணமாக, இன்டர்ஃபெரான் ஊசியைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற முடியும். வீரியம் குறைவுதான், ஆனால் கிடைக்கும். மல்டிபிள் ஸ்களிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. மற்ற பெற்றோர் எங்கே வாங்குகிறார்கள் என்று அங்கே விசாரியுங்கள்.

மூன்று மாதத்துக்குத் தடையில்லாமல் கிடைக்கும் என்று தெரிந்த பிறகே ஆரம்பியுங்கள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், முன்பைவிடக் கடுமையாக நோய் திரும்பிய சம்பவங்கள் உண்டு. பெரும்பாலும் நிறுத்திய 12 வாரத்துக்குள். பட்டையில் பத்து காப்ஸ்யூல் மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. 11 வயதுப் பெண் வளர்கிற பிள்ளை. மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். 40-ஐத் தாண்டியதும் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக 0.5-க்கு மாற்றாதீர்கள். டோஸ் ஏறும் அன்றும் அதே ஆறு மணி நேரக் கண்காணிப்பு உண்டு. பள்ளிக்கு அன்று லீவு சொல்லிவிட வேண்டியதுதான்.